ஆட்டோமேட்டிக் கியர் ஆயில்: களமா, குழியா, மெஷினா, ஷோரூமா?

மாமனார் தோட்டத்துக் களத்தில் ஒரு கருஞ்சிவப்புக் கறை இருக்கிறது. காங்கேயம் பக்கம், தேங்காய்ப் பருப்பு காயப்போடும் சிமெண்டுக் களம் அது. மூன்று வருஷ வெயிலுக்கும் மழைக்கும் அந்தக் கறை அசையவில்லை. மாமியார் அந்த இடத்தை விட்டுவிட்டுச் சுற்றியே பருப்பைப் பரப்புகிறார். வருகிறவர்களிடம், "மாப்ளை காரு ரிப்பேரு பண்ணுன எடமுங்க" என்று காட்டவும் செய்கிறார்.

அது ரிப்பேர் இல்லை, ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸின் ஆயிலை மாற்றினேன். அதற்கப்புறம் சொந்தத்தில் யாருடைய ஆட்டோமேட்டிக் வண்டி 60,000 கிலோமீட்டரைத் தாண்டினாலும் எனக்குப் போன் வந்துவிடுகிறது. வீட்டிலேயே மாற்றலாமா, ஷோரூமில் விடலாமா, மெஷின் வைத்திருக்கும் பட்டறைக்குப் போகலாமா, அப்படியே விட்டுவிடலாமா? நான் பதிலுக்கு ஒன்றைத்தான் கேட்கிறேன்: "உங்க வண்டியில கியர் ஆயிலுக்கு மட்டம் பாக்குற குச்சி, அதாங்க டிப்ஸ்டிக், இருக்குதுங்களா?" பழைய ஆயிலை இறக்குவது யாராலும் முடிகிற வேலை. ஊற்றிய புது ஆயில் சரியான அளவில் நிற்கிறதா என்று தெரிந்துகொள்வதில்தான் எல்லாம் இருக்கிறது. நாலு வழியில் எது உங்களுக்கு என்பதையும் அதுவே முடிவு செய்யும்.

அதற்கு முன்னால், உங்களுடையது எந்த ஆட்டோமேட்டிக் என்று பார்த்துவிடுங்கள். ஒரே பெயரில் நாலு வகை ஓடுகிறது. 2014இல் செலெரியோவோடு நம் ஊருக்கு வந்த ஏ.எம்.டி., உள்ளே சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ்தான். கிளட்ச் மிதிக்கவும் கியர் போடவும் நமக்குப் பதிலாக ஒரு கருவி இருக்கிறது, அவ்வளவே. அதற்கு ஊற்றுவது மேனுவல் வண்டியின் கெட்டியான கியர் ஆயில். இந்தக் கட்டுரையின் தலைவலி எதுவும் அந்த வண்டிக்காரர்களுக்கு இல்லை. சி.வி.டி.யில் இரண்டு கப்பிகளுக்கு நடுவே ஒரு இரும்புப் பெல்ட் ஓடுகிறது. அந்தப் பெல்ட் வழுக்காமல் பிடிப்பதற்கென்றே தனி ஆயில் உண்டு. ஹோண்டாவுக்கு எச்.சி.எஃப். 2, நிசானுக்கு என்.எஸ். 3 என்று ஒவ்வொருவரும் தனிப் பெயர் வைத்திருக்கிறார்கள். அதில் மற்ற ஆட்டோமேட்டிக்குகளுக்கு ஊற்றும் சாதாரண ஏ.டி.எஃப். ஆயிலை ஊற்றினால் கியர்பாக்ஸுக்குக் குழி வெட்டியாகிவிட்டது. இரட்டைக் கிளட்ச் டி.சி.டி.யில் உலர்ந்த கிளட்ச், ஆயிலில் நனையும் கிளட்ச் என்று இரண்டு வகை. நனையும் வகைக்கு ஆயில் மாற்றுவது கட்டாயம். ஃபோக்ஸ்வாகன் தன் டி.சி.டி.க்கு வைத்த பெயர் டி.எஸ்.ஜி.; அதன் நனையும் 6 கியர் வகைக்கு 60,000 கிலோமீட்டர் கணக்கு. டி.சி.டி. எதுவாக இருந்தாலும் வீட்டில் கை வைக்க வேண்டாம் என்பது என் கட்சி.

மிச்சம் இருப்பது டார்க் கன்வெர்ட்டர், அதாவது என்ஜினின் பலத்தை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்துகிற வகை. இன்னோவா கிரிஸ்டா, டீசல் க்ரெட்டா, எர்டிகா என்று நம் சாலைகளில் பார்க்கும் பழைய பாணி ஆட்டோமேட்டிக். என்னுடையதும் அந்த வகைதான். இனி எழுதுவது முக்கியமாக இதைப் பற்றி.

மாற்றத்தான் வேண்டுமா?

"இது லைஃப்டைம் ஆயிலுங்க, மாத்தவே வேண்டியதில்லை" என்று சர்வீஸ் கவுன்ட்டரில் சொல்வார்கள். யாருடைய லைஃப் என்று நாம் கேட்பதில்லை. பி.எம்.டபிள்யூ.வில் தொடங்கிப் பல வண்டிகளுக்கு ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் செய்து கொடுக்கும் இசட்.எஃப். என்ற ஜெர்மன் கம்பெனியே, வண்டிக் கம்பெனிகள் ஆயுள் முழுக்கப் போதும் என்று சொல்லும் அதே பெட்டிகளுக்கு, 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் அல்லது 8 வருஷத்துக்குள் ஆயில் மாற்றச் சொல்கிறது. செய்தவன் பேச்சைக் கேட்பதா, விற்றவன் பேச்சைக் கேட்பதா என்று என்னைக் கேட்டால் செய்தவன் பேச்சைத்தான் கேட்பேன்.

இந்த ஆயிலுக்கு மூன்று வேலை. உள்ளே இருக்கும் வால்வுகளையும் கிளட்ச்களையும் அழுத்தித் தள்ளுவது இதுதான். பல்சக்கரங்களுக்கு வழுவழுப்பும் குளிர்ச்சியும் கொடுப்பதும் இதுதான். அப்புறம், கிளட்ச் தகடுகள் ஒன்றையொன்று பிடிக்கும்போது எவ்வளவு வழுக்க வேண்டும், எவ்வளவு பிடிக்க வேண்டும் என்பதையும் இதில் கலந்திருக்கும் மருந்துதான் தீர்மானிக்கிறது. முதலில் தீர்ந்துபோவது அந்த மருந்து. அதைத் தீர்ப்பது சூடு. ஒவ்வொரு 10 டிகிரி ஏறும்போதும் ஆயில் கெடும் வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும் என்பது ஆயில்காரர்கள் எல்லோரும் வைத்திருக்கும் கைக்கணக்கு.

சூடு எங்கே வரும்? வாரம் ஒருமுறை கோயமுத்தூரிலிருந்து சேலம் வரை நாலுவழிச் சாலையில் 90இல் போய் வருகிற வண்டிக்கு டார்க் கன்வெர்ட்டர் என்ஜினையும் கியர்பாக்ஸையும் நேராகப் பூட்டிக்கொண்டு, ஆயில் சும்மா சுற்றிக்கொண்டிருக்கும். அதே வண்டி பண்ணாரியைத் தாண்டித் திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகளில், முன்னால் ஒரு கரும்பு லாரி ஊர்ந்துகொண்டிருக்க, பின்னாலேயே ஏறினால் கன்வெர்ட்டர் பூட்டாது. என்ஜினின் பலத்தில் ஒரு பகுதி ஆயிலைக் கடைவதிலேயே போகும், அத்தனையும் சூடு. வால்பாறைக்கு 40 வளைவு, கொல்லிமலைக்கு 70. இந்த மலைகளைச் சுற்றியே நம் ஊர் உட்கார்ந்திருக்கிறது. கிலோமீட்டர் மீட்டரில் 50,000 என்றுதான் காட்டும். எந்த 50,000 என்று காட்டாது.

அதனால் வண்டிப் புத்தகத்தில் கடுமையான ஓட்டத்துக்கு என்று தனிக் கட்டம் இருந்தால் அதைப் படியுங்கள். எதுவும் போடவில்லை என்றால், மலை ஏறுகிற வண்டிக்கு 60,000, சமவெளி வண்டிக்கு 80,000 என்று நான் வைத்துக்கொள்கிறேன்.

அப்படியானால் விட்டுவிடலாம் என்ற வழிக்கு இடமே இல்லையா? உண்டு. 1,80,000 ஓடி, ஒருமுறைகூட ஆயில் மாறாமல், இப்போது கியர் விழத் தாமதிக்கிற, வழுக்குகிற வண்டியை யாராவது செகண்ட் ஹேண்டில் வாங்கிவிட்டு வந்து கேட்டால், ஆயிலில் காசு போடாதீர்கள் என்பேன். தேய்ந்த கிளட்ச் புது ஆயிலால் வளராது. "ஆயில் மாத்தினேன், கியர்பாக்ஸ் போயிடுச்சு" என்கிற கதைகளில் பெரும்பாலானவை ஏற்கெனவே நோய் வந்த பிறகு மாற்றிய கதைகள். அந்த வண்டிக்கு முதலில் ஸ்கேன், ஆயில் அழுத்தச் சோதனை, அப்புறம்தான் மற்றது. நன்றாக ஓடுகிற வண்டிக்கு இந்தப் பயம் வேண்டாம்.

வீட்டில் செய்வது

முதலில் டிப்ஸ்டிக் உள்ள வண்டி. பானட்டைத் திறந்தால் என்ஜின் ஆயில் குச்சி தவிர இன்னொரு குச்சி இருக்கும். இருந்தால் நீங்கள் கொடுத்து வைத்தவர். அந்தக் குழாய் வழியாகவே புனல் வைத்து ஊற்றலாம், அந்தக் குச்சியாலேயே அளவு பார்க்கலாம். என் மச்சானின் பழைய வண்டி அப்படித்தான். இரண்டு பேருமாகச் சேர்ந்து முக்கால் மணி நேரத்தில் முடித்தோம். அளவு பார்க்கும் முறை மட்டும் வண்டிக்கு வண்டி மாறும். பெரும்பாலானவற்றில் வண்டியைச் சூடாக்கி, எல்லாக் கியரிலும் ஒருமுறை நிறுத்தி, பார்க்கில் போட்டு என்ஜின் ஓடும்போதே பார்க்க வேண்டும். ஹோண்டா ஆட்டோமேட்டிக்குகளில் என்ஜினை அணைத்து ஒன்று ஒன்றரை நிமிஷத்துக்குள் பார்க்க வேண்டும். இதை மாற்றிச் செய்தால் அளவே தப்பாகக் காட்டும்.

இப்போது வருகிற வண்டிகளில் பெரும்பாலும் குச்சி கிடையாது. பலவற்றில் பெட்டியின் அடியில் ஒரு நட்டு இருக்கும். அதைக் கழற்றினால் கொஞ்சம்தான் சொட்டும், ஏமாந்துவிடக் கூடாது. உள்ளே ஸ்ட்ரா மாதிரி ஒரு குழாய் நிற்கிறது. அதையும் அலன் சாவியால் கழற்றினால்தான் ஆயில் கொட்டும். திரும்ப ஊற்றும்போது அந்த ஸ்ட்ராவை முதலில் பொருத்திவிட்டு, பக்கவாட்டு ஓட்டை வழியாகப் பம்ப் வைத்து ஆயிலை ஏற்ற வேண்டும். என்ஜின் ஓடிக்கொண்டிருக்க, ஆயிலின் சூடு கம்பெனி சொன்ன இடத்தில் நிற்க, அடி நட்டைத் திறந்து, ஸ்ட்ராவின் தலைக்கு மேலே இருக்கிற மிச்ச ஆயில் வழிந்து, ஓட்டம் நின்று சொட்டாக மாறும்போது மூடினால் அளவு சரி. பல டொயோட்டா பெட்டிகளுக்கு அந்தச் சூடு 40 டிகிரியை ஒட்டி இருக்கும். ஹூண்டாயின் 6 கியர் பெட்டிக்கு 50க்கும் 60க்கும் நடுவே.

சூட்டில் இவ்வளவு கறாராக ஏன் இருக்க வேண்டும் என்றால், ஆயில் உப்பும். 7 லிட்டர் ஆயில் 50 டிகிரி சூடேறினால் கால் லிட்டர் அளவுக்குப் பெருகிவிடும். சூடு அதிகமாக இருக்கும்போது மட்டம் பிடித்தால் ஆறின பிறகு குறைவு. பம்ப் காற்றைக் குடிக்கும், கியர் வழுக்கும். கூடிப்போனாலும் ஆபத்துதான்: சுற்றுகிற சக்கரங்கள் ஆயிலைக் கடைந்து நுரையாக்கிவிடும், நுரையால் கிளட்சை அழுத்த முடியாது.

இதில் நம் ஊருக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது. ஈரோடு, கரூர் பக்கம் மே மாத மதியம் நிழலிலேயே 40 டிகிரியை ஒட்டி நிற்கும். ஜப்பானில் எழுதிய புத்தகம், குளிர்ந்த ஆயிலை மெல்லச் சூடாக்கி 40க்கு வருவதற்குக் காத்திரு என்கிறது. இங்கே சாவி போடும்போதே ஆயில் 40இல்தான் இருக்கும். இரண்டு நிமிஷத்தில் எல்லையைத் தாண்டிவிடும். அதனால் இந்த வேலையை விடிகாலையில்தான் செய்ய வேண்டும். சூடு பார்க்க, வண்டியில் செருகும் ஓ.பி.டி. ஸ்கேனர் கியர் ஆயில் சூட்டைக் காட்டினால் நல்லது. இல்லையென்றால் காய்ச்சல் பார்ப்பது போன்ற அகச்சிவப்புத் துப்பாக்கியைப் பெட்டியின் அடியில் இருக்கும் ஆயில் சட்டியின் மேல் காட்டலாம், தோராயம்தான்.

இவ்வளவும் படித்துவிட்டுத்தான் நான் களத்துக்குப் போனேன். எங்கள் வீட்டு வாசல் சரிவு, களம் சமம் என்று கணக்கு. நாலு ஜாக்கி ஸ்டாண்டில் வண்டியை ஏற்றினேன். சொல்ல மறந்துவிட்டேனே, ஸ்டாண்டுக்குப் பதில் ஹாலோ பிளாக் கல்லை வைக்கிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது. எந்தத் தோட்டத்திலும் நாலு கல் கிடக்கும், கை தானாகப் போகும். அந்தக் கல் சுவர் எடை தாங்கச் செய்தது. ஒரு முனையில் இரும்பு அழுத்தினால் முன்னறிவிப்பு இல்லாமல் பொடியாகும். அடியில் படுத்திருப்பது நீங்கள்.

ஆயிலை இறக்குவதற்கு முன் ஊற்றுகிற ஓட்டையின் நட்டு கழறுகிறதா என்று பாருங்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். பார்த்தேன், கழன்றது. இதைப் பார்க்காமல் பழையதை இறக்கிவிட்டு, மேல் நட்டு துருப்பிடித்து மாட்டிக்கொண்டு, வண்டியை இழுத்துப் போனவர்கள் உண்டு. அப்புறம் அடி நட்டையும் ஸ்ட்ராவையும் கழற்றினேன். மாதம் ஆடி. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று காங்கேயத்தில் எப்படி அடிக்கும் என்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆரம்பத்தில் கெட்டியாக விழுந்த ஆயில், மெலிந்து நூலானதும், காற்று அதைத் தட்டுக்கு வெளியே ஒரு முழம் தள்ளிக் கொண்டுபோய் ஊற்றியது. ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்கிறபோது ஆயில் எம்மாத்திரம். கறையின் பிறப்பு அது.

இறங்கியதை ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில்களில் ஊற்றி அளந்தேன். சிந்தினது போக மூன்றரை. பெட்டியின் மொத்தக் கொள்ளளவு 7 லிட்டர். மிச்சம் டார்க் கன்வெர்ட்டருக்குள்ளும், ஆயிலை ஆற்றுகிற கூலரின் குழாய்களிலும் நிற்கிறது, நட்டைக் கழற்றினால் வராது. அதாவது ஒருமுறை இறக்கி ஏற்றினால் பாதிதான் புதுசு. இன்னொரு முறை செய்தால் 75 சதவீதம், மூன்றாம் முறை 87. வீட்டு முறையின் குறை என்று இதைச் சொல்வார்கள். எனக்கு இது குறையாகத் தெரியவில்லை. நடுவில் ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டி இரண்டு முறை செய்தால் போதும். பழைய பெட்டிக்கு இந்த நிதானம் நல்லதும்கூட.

குறை வேறு இடத்தில் வந்தது. வழிந்து சொட்டாக நின்றதும் மூடிவிட்டு, நிம்மதியாகத் திருப்பூர் வந்தேன். மறுநாள் காலையில் ரிவர்ஸ் போட்டால் ஒரு நொடி ஒன்றும் இல்லை, அப்புறம் தூக்கிப் போட்டது. ஆயில் குறைவு என்று வயிறு சொன்னது. ஞாயிற்றுக்கிழமை, தோட்டத்தில் சுவர் பூச வந்திருந்த கொத்தனாரிடம் ரசமட்டம் வாங்கிக் களத்தில் வைத்துப் பார்த்தேன். குமிழி ஒரு பக்கமாக ஓடியது. "களமுன்னா வாட்டம் குடுத்துத்தானுங்க போடுவோம், மழத்தண்ணி நிக்கக் கூடாதுல்லங்க?" என்றார். முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே இரண்டு அங்குலம் வித்தியாசம். வழியும் ஓட்டை தாழ்ந்த பக்கம் இருந்ததால் வேண்டிய ஆயிலும் சேர்ந்து வழிந்துவிட்டது. கண்ணுக்குச் சமமாகத் தெரிகிற இடமெல்லாம் சமம் இல்லை என்பது ஒரு வீடு கட்டினவருக்குக்கூடத் தெரியும், எனக்குத் தெரியவில்லை.

மெஷின் போடும் பட்டறை

கூலருக்குப் போகும் குழாயைப் பிரித்து மெஷினை நடுவில் மாட்டுவார்கள். என்ஜின் ஓட, பழைய ஆயில் ஒரு பக்கம் வெளியே வரும், அதே வேகத்தில் புதுசு மறு பக்கம் உள்ளே போகும். கண்ணாடிக் குழாயில் கறுப்பு மெல்லச் சிவப்பாவதைப் பார்க்கலாம். பார்க்க ஆசையாகத்தான் இருக்கும். ஒரே மூச்சில் ஏறக்குறைய முழு ஆயிலும் மாறும் என்பது இதன் பலம். அதற்கு மொத்தக் கொள்ளளவைவிடக் கூடுதல் ஆயில் வேண்டும். 7 லிட்டர் பெட்டிக்கு 10, 12 லிட்டர் என்பார்கள்.

நான் இதற்கு எதிரி இல்லை. ஆனால் மூன்று விஷயம் கேட்காமல் வண்டியை விட மாட்டேன். என்ன ஆயில் என்பது முதல் கேள்வி. எல்லா வண்டிக்கும் ஒரே பேரலிலிருந்து ஊற்றுகிற இடம் என்றால் திரும்பிவிடுங்கள். டொயோட்டாவின் டபிள்யூ.எஸ். ஆயிலும் அதற்கு முந்தைய டி 4 ஆயிலும் ஒரே கம்பெனியுடையதுதான், ஒன்றுக்குப் பதில் ஒன்றை ஊற்றக் கூடாது. ஹூண்டாயின் எஸ்.பி. 3, எஸ்.பி. 4 அப்படியே. வீட்டுக்குள்ளேயே சேராதபோது எல்லோருக்கும் சேர்கிற ஆயிலை நான் நம்புவதில்லை. அடுத்தது, மெஷினின் குழாயில் முன்னால் வந்த வண்டியின் ஆயில் மிச்சம் இருக்கிறதே, அதை எப்படிக் கழுவுகிறார்கள் என்பது. மூன்றாவது, சட்டியைக் கழற்றி ஃபில்டரையும், இரும்புத் துகளைப் பிடித்து வைக்கிற காந்தத்தையும் சுத்தம் செய்வார்களா. பல இடங்களில் செய்வதில்லை. காந்தத்தில் படிந்திருக்கிற சாம்பல் நிறப் பசை, விரலில் தேய்த்தால் மையைப் போல இழுபட்டால் அது சாதாரணத் தேய்மானம். நகத்தில் இடறுகிற துணுக்கு கிடைத்தால் அது வேறு கதை. அந்தச் சேதி சட்டிக்குள் இருக்கிறது. மெஷின் அதைப் பார்க்காமலே வேலையை முடித்துவிடும்.

இன்னொன்று. பெட்டியின் சொந்தப் பம்ப்பின் வேகத்தில் மாற்றுகிற மெஷினும், வெளியிலிருந்து அழுத்தம் கொடுத்து மருந்து விட்டுக் கழுவுகிற மெஷினும் ஒன்றில்லை. இரண்டாவதை, ஒருமுறைகூட ஆயில் மாறாத பழைய வண்டிக்குப் போடவே கூடாது. படிந்து கிடக்கிற அழுக்கைக் கிளப்பி வால்வுகளின் மெல்லிய வழிகளுக்குள் அனுப்பிவிட வாய்ப்பிருக்கிறது.

ஷோரூம்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வாரண்டியில் இருக்கும் வண்டி என்றால் வேறு எங்கும் போகாதீர்கள். நாளைக்குக் கியர்பாக்ஸ் மக்கர் செய்தால் கையில் பில் வேண்டும். டி.சி.டி., சி.வி.டி. வண்டிகளுக்கும் இதுதான் என் பதில். சரியான ஆயில், கம்பெனி ஸ்கேனர், மாற்றிய பிறகு கம்ப்யூட்டருக்குக் கற்றுக்கொடுக்க வேண்டியது இருந்தால் அதுவும் ஒரே இடத்தில் நடக்கும். காசு கூடுதல். எஸ்டிமேட்டில் ஆயில் எத்தனை லிட்டர், கூலி எவ்வளவு என்று தனித்தனியாக எழுதிக் கேளுங்கள். ஒரு ஷோரூமில் என் தம்பியிடம் "முழுசா மாத்திட்டோம்" என்று சொல்லிக் கொடுத்த பில்லில் ஆயில் 3 லிட்டர்தான் இருந்தது. ஏமாற்று என்று சொல்ல மாட்டேன், இறக்கி ஏற்றியதை முழுசு என்று நினைத்துவிட்டார்கள். பில்லைப் படிக்காமல் விட்டிருந்தால் அவனும் அப்படித்தான் நினைத்திருப்பான்.

குழி

ரிவர்ஸ் தூக்கிப் போட்ட வண்டியை நான் கொண்டுபோனது வெள்ளகோயில் ரோட்டில் ஒரு லாரிப் பட்டறைக்கு. நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு என்று லாரிக்குப் பேர் போன ஊர்கள் நமக்கு உண்டு. மற்ற ஊர் மெயின் ரோட்டிலும் குழி வெட்டின பட்டறை ஒன்றாவது இருக்கும். குழியின் மேல் வண்டி நாலு சக்கரத்தில் நிற்கிறது. ஜாக்கி இல்லை, ஸ்டாண்டு இல்லை, நசுங்கும் பயம் இல்லை. அடியில் ஆள் நின்றுகொண்டே வேலை செய்யலாம். காற்றும் குழிக்குள் வராது. அந்த அண்ணன் ஆட்டோமேட்டிக் கார் தொட்டவர் இல்லை. புத்தகத்தில் இருந்த பக்கத்தைப் போனில் காட்டினேன். கண்ணாடியை மேலே ஏற்றிக்கொண்டு இரண்டு முறை படித்தார். "இவ்வளவுதானுங்ளா? லாரி கிரவுன்ல ஆயில் மட்டம் பாக்குற மாதிரிதானுங்களே, சூடு மட்டுந்தான் சேத்தி" என்றார். ஸ்கேனரில் 38, 39 என்று நான் மேலிருந்து சொல்லச் சொல்ல, 40இல் அவர் நட்டைத் திறந்தார். ஒரு சொட்டுக்கூட வரவில்லை. பக்கவாட்டில் ஊற்ற ஊற்ற, 600 மில்லி போன பிறகுதான் வழிந்தது. ரிவர்ஸ் அன்றைக்கே சரியாகிவிட்டது.

ஆக, குச்சி இருக்கிற டார்க் கன்வெர்ட்டர் வண்டியும் கொஞ்சம் கைப்பழக்கமும் இருந்தால் வீட்டிலேயே செய்யுங்கள். குச்சி இல்லை என்றால் ஆயிலை நீங்களே வாங்கிக்கொண்டு, ரசமட்டம் வைத்துப் பார்த்த குழியோ லிஃப்டோ இருக்கிற, பழகின பட்டறைக்குப் போங்கள். கூலி கொடுங்கள், கூடவே நில்லுங்கள், ஆயிரம் கிலோமீட்டர் கழித்து இன்னொரு முறை போங்கள். மெஷின் எனக்கு மூன்றாம் இடம்தான். இந்தக் குழி வழியைக் கணக்குப் போட்டால் வீட்டில் செய்வதைவிடக் கூலி மட்டும்தான் கூடுதல். ஆயில்தான் செலவே, விலை பிராண்டைப் பொறுத்து மாறும். அதை உங்கள் வண்டிக் கம்பெனியின் ஸ்பேர் கவுன்ட்டரில், பில்லோடு வாங்குங்கள். சந்தைக்கடையில் பாதி விலைக்குக் கிடைக்கிற அதே டப்பா அதே டப்பாவாக இருக்காது.

பழைய ஆயிலை என்ன செய்வது என்பதையும் சொல்லிவிடுகிறேன். சாக்கடையில் ஊற்றினால் அது நொய்யலுக்குத்தான் போகும், நொய்யல் பட்டது போதும். 2016இன் கழிவு விதிகளின்படி இது அபாயக் கழிவு. பட்டறைகளில் பழைய ஆயில் பேரல் இருக்கும், வந்து எடுத்துப் போகிறவர்கள் இருக்கிறார்கள், அங்கே கொடுத்துவிடுங்கள். தண்ணீர் பாட்டிலில் பிடித்து வைத்தால் மூடியைச் சுற்றிக் கறுப்பு டேப் ஒட்டிவிடுங்கள், தாகத்தில் யாராவது எடுத்துவிடுவார்கள். களத்தில் பிடித்த மூன்றரை லிட்டரை நாலு பாட்டிலில் திண்ணையில் வைத்திருந்தேன். புதுசில் மாதுளைச் சாறு போல இருந்த ஆயில் கடுங்காப்பியாகிக் கிடந்தது. மாமனார் வந்து ஒரு பாட்டிலைத் தூக்கி வெயிலில் காட்டிப் பார்த்தார். "மாட்டுக் கொட்டாய்க் கம்பத்துக்குப் பூசுனாக் கரையான் வராதுங்களே மாப்ளே?" என்றார். மாடு நக்கும், வேண்டாமுங்க மாமா என்று நொய்யல், விதி எல்லாம் எடுத்துச் சொன்னேன். தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். பட்டறைக்கு எடுத்துப் போகிறபோது மூன்று பாட்டில்தான் இருந்தது. தோட்டத்து இரும்பு கேட், எனக்குத் தெரிந்து பத்து வருஷமாகக் கிறீச்சிட்டுக்கொண்டிருந்தது, அன்றைக்குச் சத்தமே இல்லாமல் திறந்தது.